பறை வாங்கப் போகிறீர்களா: மாட்டுத்தோலா, ஃபைபரா?

கல்லூரிக் கலைக்குழுவோ, ஊர் இளைஞர் மன்றமோ, வெளிநாட்டில் இருக்கும் தமிழ்ப் பள்ளியோ, பறைக்குழு தொடங்கலாம் என்று உட்கார்ந்ததும் முதல் கூட்டத்திலேயே இந்தக் கேள்வி வந்துவிடும். தோல் பறை வாங்குவதா, ஃபைபர் பறை வாங்குவதா? ஒருவர் மழையைச் சொல்வார், ஒருவர் சத்தத்தைச் சொல்வார், இன்னொருவர் வாயைத் திறக்காமல் முகத்தை மட்டும் சுளிப்பார். அந்த மூன்றாமவரைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும், கொஞ்சம் கழித்து.

என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். கற்றுக்கொள்வதற்கும் மேடையில் அடிப்பதற்கும் கன்றுத்தோல் போர்த்திய பறை. மழைக்கும் விமானப் பயணத்துக்கும் ஃபைபர். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் தோலை வாங்குங்கள். ஏன் என்பதற்குத் தோலிலிருந்தே தொடங்க வேண்டும்.

செருப்புக்கும் பைக்கும் போகிற தோல் வேறு, பறைக்கு வருகிற தோல் வேறு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தொழிற்சாலைகளில் நடப்பது பதனிடுதல். ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றின் சாறோ குரோமியம் உப்போ தோலின் நார்களுக்கு நடுவே புகுந்து பிடித்துக்கொள்கிறது. அதனால் தோல் அழுகாது, காய்ந்த பிறகும் வளைந்து கொடுக்கும். செருப்புக்கு அது வரம். வாத்தியத்துக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, அடித்தால் ஓசை உள்ளேயே செத்துவிடும். பறைக்கு வேண்டியது பதனிடாத பச்சைத் தோல். சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்தால் மயிர்க்கால்கள் தளர்ந்து மயிர் வழித்தாலே வந்துவிடும். உள்பக்கம் ஒட்டியிருக்கும் சதையையும் சவ்வையும் சுரண்டி எடுப்பார்கள். மிஞ்சுவது பெரும்பாலும் கொலாஜன் நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும் ஒரு விரிப்பு. ஈரமாக இருக்கும்போது துணி மாதிரி இழுபடும். காயக் காயச் சுருங்கி விறைத்து, மரவளையத்தைக் கவ்விப் பிடிக்கும். பறைக்குக் குரல் கிடைப்பது அந்த இறுக்கத்தில்தான்.

இந்த மயிர் வழிக்கும் வேலை எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை. புறநானூற்றின் 288ஆம் பாட்டில் ஒரு முரசு வருகிறது. இரண்டு காளைகளை மோதவிட்டு, வென்ற காளையின் தோலை மயிர் சீவாமலேயே போர்த்தியது. மாட்டுத்தோலுக்கும் தமிழரின் தோல்கருவிக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

பறையின் வளையம் சுமார் 35 சென்டிமீட்டர் விட்டம். வேப்பமரம் விரும்பப்படும். வில்போல அறுத்த மூன்று துண்டுகளை உலோகப் பட்டை வைத்து இணைத்து வட்டமாக்குவார்கள். அதன்மேல் புளியங்கொட்டைப் பசை தடவி, ஈரத்தோலை இழுத்து ஒட்டிக் காயவிடுவது பழைய முறை. திருகாணி கிடையாது, வார்ப்பட்டை கிடையாது. அதாவது மிருதங்கத்தைப் போல இழுத்துக் கட்டிச் சுருதி சேர்க்க வழியே இல்லை. ஒரே வழி நெருப்பு.

ஃபைபர் பறையில் போர்த்தியிருப்பது பெரும்பாலும் பாலியெஸ்டர் படலம். 1950களின் பிற்பாதியில் அமெரிக்காவில் டிரம் செட்டுகளுக்கு இதைப் போர்த்தத் தொடங்கினார்கள், அதுவரை அங்கேயும் கன்றுத்தோல்தான். கால் மில்லிமீட்டர் அல்லது அதைவிடக் குறைந்த தடிமன், எந்த இடத்தில் அளந்தாலும் ஒரே அளவு. தண்ணீர் குடிக்காது. வளையத்தைச் சுற்றி நட்டு போல்ட் இருக்கும், ஸ்பேனர் வைத்து முறுக்கினால் சுருதி ஏறும். வாங்கிய அன்று வைத்த சுருதி அடுத்த மாதமும் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

இதைப் படித்தால் ஃபைபர்தானே புத்திசாலித்தனம் என்று தோன்றும். கேட்டால் அப்படித் தோன்றாது.

படலம் ஒரே சீராக இருப்பதும் அதிர்வை அது தனக்குள் அடக்கிக்கொள்ளாததும் சேர்ந்து, ஃபைபரில் ஒவ்வோர் அடிக்குப் பிறகும் ஒரு உலோக ரீங்காரம் தொங்கும். அந்த ரீங்காரம் அடங்குவதற்குள் அடுத்த அடி விழுந்துவிடும். ஒருவர் அடித்தால் தெரியாது. இருபது பேர் வரிசையாக நின்று அடிக்கும்போது அடிகளுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளி முழுக்க அந்த இரைச்சல் நிரம்பிவிடுகிறது. பறையில் தாளம் காதுக்குப் போவது அடியால் மட்டுமில்லை, அந்த இடைவெளியாலும்தான். தோல் தடித்தது, கனமானது, அதிர்வைச் சீக்கிரம் விழுங்கிவிடும். குட்டையாகத் தடித்த அடிக்குச்சி நடுவில் விழும்போது வயிற்றில் இறங்கும் ஓசையும், நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சி ஓரத்தில் விழும்போது கிளம்பும் வெடிப்பும் தோலில் தனித்தனியாகக் கேட்கும். ஃபைபரில் இரண்டும் ஒரே குடும்பத்துச் சத்தமாகிவிடுகிறது.

கற்றுக்கொள்பவர்கள் தோலில்தான் தொடங்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இன்னொரு காரணம் கை. ஃபைபர் குச்சியைத் திருப்பி எறியும். மணிக்கட்டு பாதி வேலை செய்தால் போதும், மீதியைப் படலமே செய்துவிடும். ஃபைபரிலேயே பழகிய பிள்ளைகளிடம் தோல் பறையைக் கொடுத்துப் பாருங்கள், வேகமான அடிகளில் சிண்டுக்குச்சி திணறும். தோலில் பழகிய கை ஃபைபருக்கு அரைமணி நேரத்தில் மாறிவிடும்.

சரி, நெருப்பு. தோல் பறை வைத்திருப்பவர்கள் நிகழ்ச்சிக்கு முன் செய்யும் முக்கியமான வேலை பறையைக் காய்ச்சுவது. வைக்கோல், பனையோலை, காகிதம், கையில் கிடைப்பதைக் கொளுத்தி, தீயின் நாக்கு படாமல் அனல் மட்டும் படும்படி பறையைச் சுற்றிச் சுற்றிக் காட்டுவார்கள். பழகிய ஆள் கண்ணால் பார்த்து இதைச் செய்வதில்லை. ஒரு கையால் வளையத்தைத் திருப்பிக்கொண்டே மறு கையின் விரலால் தோலைச் சுண்டிக்கொண்டிருப்பார். முதலில் தொப்பென்று கேட்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், ஓரிடத்தில் குரல் சட்டென்று திறந்துகொள்ளும். அந்த இடத்தோடு நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட்டால் தோல் ஓரத்தில் வெடிக்கும்.

புதியவர்கள் தோலைக் கெடுப்பது பெரும்பாலும் மழையில் நனைந்த பறையை நேரே நெருப்புக்குக் கொண்டுபோய்த்தான். ஈரமான பச்சைத் தோல் 60 முதல் 65 டிகிரிச் சூட்டிலேயே சுருங்கிப்போகும். நார்களே உருமாறிவிடுவதால் அந்தச் சுருக்கம் திரும்ப நேராகாது. நனைந்த பறையைத் துணியால் ஒற்றி எடுத்து, காற்றில் உலரவிட்டு, அதற்குப் பிறகே அனல் காட்ட வேண்டும். ஃபைபருக்கு அனலே கூடாது. அடுத்தவர் காய்ச்சுகிறாரே என்று பழக்கதோஷத்தில் ஃபைபரை நீட்டினால் படலம் நெளிந்துவிடும்.

நெருப்பு மூட்ட முடியாத இடங்கள் இன்றைக்கு நிறைய. குளிர்சாதன அரங்கம், பள்ளி வளாகம், ஓட்டல் மண்டபம். அங்கெல்லாம் பலர் மின்சார அடுப்பு அல்லது சூடு தரும் விளக்கு வைத்துச் சமாளிக்கிறார்கள். பரவாயில்லை, ஓடும். அரங்கத்துக் குளிரில் ஒரு மணி நேர நிகழ்ச்சியென்றால் நடுவில் ஒருமுறை மறுபடி காய்ச்ச ஆள் வேண்டும், அதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியே வெயிலில் நடக்கும் நிகழ்ச்சிக்கு இந்தத் தொல்லை இல்லை, சித்திரை வெயில் தோலைத் தானே இறுக்கிவிடும். கஞ்சிராக்காரர்களுக்கு நேர்மாறான பாடு, அவர்கள் சுருதியை இறக்கத் தோலின் உள்பக்கம் தண்ணீர் தொட்டுத் தடவுவார்கள்.

மழை என்று வந்துவிட்டால் தோலுக்கு வக்காலத்து வாங்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஐப்பசி கார்த்திகையில் ஊர்வலம் வைத்துவிட்டுத் தோல் பறையை நம்புவது முட்டாள்தனம். தோல் தொய்ந்துபோவதோடு நிற்காது. புளியங்கொட்டைப் பசை தண்ணீரில் இளகும், நன்றாக நனைந்த பறையின் ஓரம் வளையத்திலிருந்து உரிந்து வந்துவிடலாம். அந்த நாளுக்கு ஃபைபர்தான் வேண்டும். மழை நாளில் பறை ஒலிக்காமல் இருப்பதைவிட ஃபைபரில் ஒலிப்பது ஆயிரம் மடங்கு மேல்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதிலும் ஃபைபர் பக்கம்தான் நான். பதனிடாத தோல் என்பது சுங்கத்துக்கும் உயிரிப் பாதுகாப்புத் துறைக்கும் விலங்குப் பொருள். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் தோல் போர்த்திய வாத்தியத்தை இறங்கியதும் கட்டாயம் தெரியப்படுத்த வேண்டும், மறைத்தால் அபராதம். மயிர் ஒட்டிக்கொண்டிருந்தாலோ பூச்சி அரித்த தடம் இருந்தாலோ சிக்கல் பெரிதாகும். இது வெறும் கெடுபிடியும் இல்லை. அடைப்பான் என்று நம் ஊரில் சொல்லும் ஆந்த்ராக்ஸ் நோயின் கிருமி, விலங்கின் தோலில் வித்தாகப் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். 2006இல் நியூயார்க்கில் ஒரு மேளக் கலைஞரும் 2008இல் லண்டனில் மேளம் செய்யும் ஒருவரும் இந்த நோய்க்கு ஆளானார்கள், லண்டன்காரர் இறந்துவிட்டார். இருவருமே பதப்படுத்தாத விலங்குத் தோலைச் சுரண்டி வேலை செய்தவர்கள். செய்து முடித்த பறையை வாங்கி அடிப்பவர்கள் இதற்காகப் பயப்படத் தேவையில்லை. ஆனால் நாமே தோல் வாங்கிப் போர்த்திப் பார்க்கலாம் என்று கிளம்புபவர்கள், காரணம் தெரியாமல் திடீரென்று செத்த மாட்டின் தோலைத் தொடவே கூடாது.

தோல் என்று முடிவு செய்த பிறகும் எந்தத் தோல் என்ற கேள்வி நிற்கிறது. ஆட்டுத்தோல் மெல்லியது, சட்டென்று பேசும், கேட்க இனிமையாகவும் இருக்கும். ஆனால் பறையின் அடி குச்சியால் விழுகிற அடி, அதை ஆட்டுத்தோல் நீண்ட நாள் தாங்காது. எருமைத் தோல் தடிமன், நார் முரடு. பெரிய மேளங்களுக்குச் சரி, பறைக்கு எருமைக் கன்றின் தோல் என்றால் யோசிக்கலாம், அதுவும் கொஞ்சம் மந்தமாகவே பேசும். வளர்ந்த மாட்டின் தோல் நான்கு, ஐந்து மில்லிமீட்டர் வரை தடித்திருக்கும். அதைச் சீவி மெல்லியதாக்கும்போது நார்ப்பின்னலில் பாதி போய்விடுகிறது. கன்றுத்தோல் இயல்பிலேயே மெல்லியது, சீவாமல் அதன் பின்னல் முழுசாக இருக்கிறது. அதனால்தான் மெலிதாக இருந்தும் அது அடி தாங்குகிறது.

ஒரே தோலில்கூட எல்லா இடமும் ஒன்றில்லை. முதுகும் பிட்டமும் இறுக்கமான பின்னல், வயிற்றுப் பக்கம் தொளதொளப்பு. வயிற்றுப் பக்கத்துத் தோல் ஒரு ஓரத்தில் வந்துவிட்டால் அந்த ஓரம் சீக்கிரம் தொய்யும், பறைக்கு இரண்டு குரல் வந்துவிடும். கடையில் பறையைக் கையில் எடுத்ததும் அடித்துப் பார்க்காதீர்கள். முதலில் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். நல்ல கன்றுத்தோலில் வெளிச்சம் தேன் நிறத்தில் ஏறக்குறைய ஒரே சீராகப் பரவும். உண்ணி கடித்த தடங்கள் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரியும், அவற்றால் பெரிய பாதகமில்லை. சூட்டுக்கோல் தழும்பு கறுத்த திட்டாகத் தெரியும், அது நடுவில் இல்லாமல் ஓரமாக இருந்தால் போகட்டும். பயப்பட வேண்டியது மெல்லிய வெளிச்சக் கீறல்களுக்கு. உரிக்கும்போது கத்தி உள்பக்கம் பட்ட இடம் அது. மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியாது, பறை கிழியும் நாளில் அங்கிருந்துதான் கிழியும். அதற்குப் பிறகு நடுவில் ஆரம்பித்து ஓரம் வரை சுற்றிச் சுற்றிச் சுண்டிப் பாருங்கள்.

இப்போது அந்த மூன்றாமவருக்கு வருகிறேன்.

மாட்டுத்தோல் என்றதும் முகம் சுளிப்பவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினர் எந்த விலங்கின் தோலும் வேண்டாம் என்று வாழ்கிறவர்கள். தோல் செருப்பு போடமாட்டார்கள், பெல்ட் கட்டமாட்டார்கள். அவர்கள் ஃபைபர் எடுக்கட்டும், அந்த முடிவை மதிக்கிறேன். இன்னொரு வகையினர் தோல் ஷூ போட்டுக்கொண்டு, மார்கழிக் கச்சேரியில் மிருதங்கத்தை ரசித்துவிட்டு, பறை என்று வரும்போது மட்டும் மாட்டுத்தோலா என்பார்கள். மிருதங்கத்தில் மாடு, ஆடு, எருமை மூன்றின் தோலும் இருக்கிறது. செயற்கைத் தோல் போர்த்திய மிருதங்கம் வந்த பிறகும் சபா மேடைகளில் தோல் மிருதங்கம்தான் ஒலிக்கிறது, யாரும் சுளிப்பதில்லை. ஆகவே அவர்களுடைய சுளிப்பு மாட்டைப் பார்த்து வருவதில்லை. தோலை உரித்த கையையும் அதை அடித்த கையையும் ஊருக்கு வெளியே நிறுத்திய பழைய வழக்கம், வேறு பெயரில் நம் கூட்டத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அது பத்து ஆண்டு பழைய செய்தி என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

சாவு வீட்டில் அடிக்கமாட்டோம் என்று மறுத்துத்தான் பறை தன் மரியாதையைத் திரும்ப வாங்கியது. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையேறினார்கள். அலங்காநல்லூர்ப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்தப் பாதை முழுக்கத் தோல் கூடவே வந்திருக்கிறது. பறையை ஏற்றுக்கொள்கிறோம், தோலை மட்டும் கழற்றிவிடுகிறோம் என்றால் எதை ஏற்றுக்கொண்டோம்? தோல் பறைக்கு வரும் ஒவ்வோர் ஆர்டரும் சுண்ணாம்புத் தொட்டியில் கையை விட்டு நிற்கும் ஒருவருக்கு வருமானம். ஃபைபருக்குப் போகும் காசில் அவருக்குப் பங்கு இல்லை. அதே சமயம், தோலைத் தொட்டதற்காகவே அவமானப்பட்ட குடும்பத்தில் பிறந்த ஒருவர், இனி எனக்குத் தோல் வேண்டாம் என்று ஃபைபரைக் கையில் எடுத்தால் அதைக் கேள்வி கேட்கும் உரிமை எனக்கில்லை. நான் பேசுவது சுத்தம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்பவர்களிடம்.

இனி வாங்குவதைப் பார்ப்போம். பத்துப் பறை வாங்கும் குழுவென்றால் ஏழு கன்றுத்தோல், மூன்று ஃபைபர் என்பேன். மழை பிடித்துக்கொண்டால் மூன்று பேர் ஃபைபரில் நிகழ்ச்சியை இழுத்துச் செல்லலாம், மற்றவர்கள் ஆடலாம், பாடலாம். ஆனால் நல்ல வானிலையில் இரண்டையும் ஒரே வரிசையில் கலக்காதீர்கள். ஃபைபர் தோலை அமுக்கிவிடும். கலந்தே தீர வேண்டும் என்றால் ஃபைபரின் போல்ட்டைத் தளர்த்திச் சுருதியை நன்றாக இறக்கி, வரிசையின் பின்பக்கம் நிறுத்துங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்களுக்கும் தோல்தான் நல்லது, சுவரைத் தாண்டிப் போய் அக்கம்பக்கத்தாரை எரிச்சல்படுத்துவது ஃபைபரின் கீச்சு ஓசைதான்.

ஃபைபர் வாங்கும்போது வளையத்தைத் தோளில் மாட்டிப் பத்து நிமிடம் ஆடிப் பாருங்கள். இரும்பு வளையம் போட்டதும் இருக்கிறது, ஆட்டத்தின் பாதியில் தோள் இற்றுவிடும். போல்ட்டின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சட்டையையும் தொடையையும் கிழிக்கும். படலம் மட்டும் தனியாக மாற்றக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், நடுவில் குழி விழுந்த படலத்தை எவ்வளவு முறுக்கினாலும் குரல் திரும்பாது.

தோல் பறைக்கு வீட்டில் பெரிய பராமரிப்பு இல்லை. சுவரில் ஆணியடித்துக் காற்றுப்படும்படி மாட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரணில் போட்டால் பூஞ்சை பிடிக்கும், எலியும் பூச்சியும் தின்னும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள், இறுகி இறுகி ஒட்டு விட்டுவிடும். கிழிந்தால் வளையத்தைத் தூக்கி எறியாமல் செய்தவரிடமே கொண்டுபோங்கள். நல்ல வேப்பமர வளையம் தோலைவிடப் பல மடங்கு நாள் வரும், அதே வளையத்தில் புதுத் தோல் போர்த்திக் கொடுப்பார்.

ஆர்டர் கொடுக்கும் மாதத்தையும் பாருங்கள். தை பிறந்ததிலிருந்து ஆடி வரைக்கும் கொடுத்தால் தோல் வெயிலில் நிதானமாகக் காய்ந்து ஒட்டும். பொங்கல் நிகழ்ச்சிக்காகக் கார்த்திகையில் ஓடிப்போய்க் கேட்டால் அடைமழையில் அரைகுறையாகக் காய்ந்த தோல்தான் கைக்கு வரும், அதைக் குறை சொல்லி அவரிடம் சண்டை போடுவதில் நியாயமில்லை. முன்பணம் கொடுக்கும்போது முதுகுப் பக்கத்துக் கன்றுத்தோல் வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். கேட்கத் தெரிந்தவருக்கு எடுத்துக் கொடுப்பதற்கென்று அவர் ஒன்றிரண்டு தோல் தனியாக வைத்திருப்பார்.